நாலாவது மாடித் தூண்கள்

கேமரா பொய் சொல்லாது என்று எட்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்த அக்கா, போன திங்கட்கிழமைதான் முதல் தடவையாக, இந்த ஒரு தரமாவது அது பொய் சொல்லித் தொலைக்கட்டுமே என்று வேண்டிக்கொண்டாள்.

அது சொல்லவில்லை. மாநகராட்சி பார்க்கிங் கட்டடத்தின் கேமரா, தம்பியின் வெள்ளைக் காரை நம்பர் பிளேட்டோடு பிடித்து வைத்திருந்தது. ஒரு தடவை இல்லை, மூன்று ஞாயிறு. மூன்று தடவையும் அவன் காருக்குப் பின்னாலேயே ஒரு சாம்பல் நிறக் கார். இரண்டும் எங்கும் நிற்காமல் நாலாவது மாடிக்கு ஏறியிருந்தன. தூண் பலவீனம் என்று இரண்டு மாதமாகச் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருக்கிற மாடி அது.

அக்கா அந்தக் கட்டடத்தின் மேற்பார்வையாளர். ஞாயிறு அவளுக்கு விடுமுறை. அது தம்பிக்குத் தெரியும்.

தம்பி சும்மா தம்பியும் இல்லை. கவுன்சிலர். கடைவீதி நடுவில் ஐந்து மாடியாக நிற்கிற அந்தக் கட்டடத்தைத் தனியாருக்கு விற்பதா வேண்டாமா என்று கை தூக்கப்போகிற இருபத்தொரு பேரில் ஒருவன். கூட்டம் இன்றைக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு.

நாலு நாளாக அக்கா வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. தூக்கம் போனதுதான் மிச்சம்.

இன்று காலை எட்டு மணிக்கு, கையில் டார்ச்சோடு சங்கிலியைத் தாண்டி மேலே போனாள்.

மாநகராட்சி வாசலில் பொதுமக்கள் பார்வைக்கு என்று நாலு பக்க அறிக்கைச் சுருக்கம் ஒட்டியிருந்தார்கள். நாலாவது மாடியில் டி-11, டி-17, டி-24 ஆகிய தூண்களில் துளையிட்டு மாதிரி எடுத்துச் சோதித்ததில், கட்டடம் பத்து வருஷம்கூடத் தாங்காது என்று தெரியவந்ததாம். ஆகையால் வந்த விலைக்கு விற்றுவிடுவதே புத்திசாலித்தனமாம். வாங்க ஒரு நிறுவனம் தயாராக நிற்கிறது. இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டப்போகிறது.

துளை போட்டால் எப்படி இருக்கும் என்று அக்காவுக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் கீழ்த்தளத்தில் இப்படி ஒரு சோதனை நடந்தது. காது கிழிகிற சத்தம், தரையெல்லாம் சேற்றுத் தண்ணீர். அப்புறம் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டுப் போனார்கள். டம்ளர் வாய் அகலத்துக்கு அந்த வட்டத் தழும்பு இன்றைக்கும் அங்கே இருக்கிறது. எத்தனை பெயிண்ட் அடித்தாலும் போகவில்லை.

டி-11. டார்ச்சைக் கிட்டத்தில் பிடித்து மேலிருந்து கீழே பார்த்தாள். உள்ளங்கையால் தடவினாள். தூசி ஒட்டியதே தவிர, ஒரு மேடு பள்ளம் தட்டவில்லை. சுற்றி வந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அடித்த மஞ்சள் பெயிண்ட், அன்றைக்கு வழிந்த சொட்டோடு அப்படியே இருந்தது.

டி-17. அதுவும் அப்படியே.

டி-24-க்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். இதிலாவது ஏதாவது இருக்கட்டும் என்று இருந்தது. இல்லை. ஒருவேளை நம்பர் மாறிப் போயிருக்குமோ என்று அந்த மாடியிலுள்ள முப்பத்தாறு தூண்களையும் ஒன்றுவிடாமல் தடவிப் பார்த்தாள். முடிக்கும்போது இரண்டு கையும் சாம்பல் பூசினது மாதிரி ஆகியிருந்தது.

ஒரு தூணிலும் துளை இல்லை. யாரும் எந்த மாதிரியும் எடுக்கவில்லை.

கீழே இறங்கும்போது மூன்றாவது மாடியில், பெரிய ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி காருக்குள் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தவள் எழுந்து கண்ணாடியை இறக்கினாள்.

“மேடம், வித்துட்டா நாங்கள்லாம் எங்க மேடம் நிறுத்துறது? எதிர்ல இருக்கிற தனியார் பார்க்கிங்ல ஒரு நாள் நிறுத்துற காசுக்கு இங்க ஒரு வாரம் நிறுத்துறேன்.”

“இன்னும் விக்கலையேம்மா.”

“உங்க தம்பிதானே கவுன்சிலர்? ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்.”

“கேக்குறேன்” என்றாள் அக்கா. “இன்னைக்கே கேக்குறேன்.”

விற்கவே கூடாது என்று கொடி பிடிக்கிற ஆளில்லை அக்கா. போன வருஷம் அவள் மாமியாரை அதே ஆஸ்பத்திரியில் மூன்று நாள் தாழ்வாரத்தில்தான் படுக்க வைத்திருந்தார்கள். விற்கிற பணத்தில் ஆஸ்பத்திரிக்கு இரண்டு மாடி எழுப்பப்போகிறோம் என்று மாநகராட்சி சொன்னபோது, சரி, அதுவும் நியாயம்தானே என்று தோன்றியிருந்தது அவளுக்கு. நியாயமான காரியத்துக்கு எதற்குப் பொய் அறிக்கை? அதுதான் மண்டையைக் குடைந்தது.

கையைக் கழுவிவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டாள்.

“பன்னெண்டரைக்கு வா. மூணாவது மாடி.”

“அக்கா, இன்னைக்குக் கூட்டம். தலைக்கு மேல வேலை...”

“அதனாலதான் கூப்பிடுறேன்.”

* * *

சொன்ன நேரத்துக்கு வந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. கூட்டத்துக்கென்றே வாங்கின புதுச் செருப்பு. அக்கா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

“சாப்பிட்டியா?” என்றான்.

“மூணு ஞாயித்துக்கிழமை. நாலாவது மாடி. யாருடா அந்தச் சாம்பல் கலர் கார்?”

தம்பி கை நீட்டி ஏசியை அணைத்தான்.

“உனக்கு யார் சொன்னா?”

“யார் சொன்னான்னுதான் கேக்குறே. இல்லைன்னு சொல்லலை பார்த்தியா?”

“அக்கா...”

“பூட்டுக்குச் சாவி ஏது?”

“மாநகராட்சி ஆபீஸ்ல வாங்கினேன். கவுன்சிலர் கேட்டா கொடுப்பாங்க.”

“கார்ல யாரு?”

“அறிக்கை கொடுத்த சோதனைக்கூடத்து ஆள்.”

அக்கா அவன் முகத்தையே பார்த்தாள். சின்ன வயதில் இவன் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும். இப்போது சிவக்கவில்லை. ஆனால் நாற்பத்து மூன்று வயசுக் கவுன்சிலருக்கும் எட்டு வயசுப் பையனுக்கும் ஒரே காதாகவா இருக்கும்?

“நான் காலைல எல்லாத் தூணையும் பார்த்துட்டேன். ஒரு துளை இல்லை. அந்த அறிக்கை முழுப் பொய். அதை எழுதினவனை மூடின மாடியில வச்சு மூணு தடவை நீ பார்த்திருக்கே. நான் என்னன்னு நினைக்கட்டும்?”

“என்ன வேணா நினைச்சுக்கோ. ஆனா நான் பார்த்தது உனக்காக.”

“எனக்காகவா? நல்லா இருக்கே கதை.”

தம்பி பின் சீட்டிலிருந்து ஒரு தடித்த காகிதக் கட்டை எடுத்தான். கவுன்சிலர்களுக்கு மட்டும் கொடுத்திருந்த முழு அறிக்கை. நடுவில் ஒரு சீட்டு அடையாளம் வைத்திருந்தான். அந்தப் பக்கத்தைத் திருப்பி அவள் மடியில் வைத்தான்.

தேதி, தூண் எண்கள், அதற்குக் கீழே ஒரு வரி: ‘மேற்கண்ட மாதிரிகள் கட்டட மேற்பார்வையாளரின் முன்னிலையில் எடுக்கப்பட்டன.’ அதற்கும் கீழே ஒரு கையெழுத்து.

அக்காவின் கையெழுத்து.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். யாரோ பார்த்துப் போட்ட போலிதான் என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. ஆனால் கடைசி எழுத்தில் பேனாவை எடுக்காமல் பின்னால் இழுத்து ஒரு கோடு போடுவாளே, அந்தக் கோடு. அந்த அவசரம். அவளே போட்டதுதான்.

“தேதியைப் பாரு. ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு நீ கட்டடத்துலயே இல்லை” என்றான் தம்பி. “இது பொய்னு வெளிய வந்தா முதல்ல யார் தலை உருளும்? சோதனைக்கூடத்துக்காரன் ‘மேற்பார்வையாளரே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க’ன்னு ஒரே வார்த்தையில தப்பிச்சுடுவான். வேலை போகும், பென்ஷன் போகும், போலீஸ் வரும். அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துடுன்னு அவன் கால்ல விழாத குறையா கேட்டேன். மூணு தடவை. மசியலை.”

“நான் இதைப் போடலை.”

“போட்டிருக்கே அக்கா. படிக்காம போட்டிருக்கே.” கொஞ்சம் தயங்கினான். “அத்தான் லிப்ட் சர்வீஸ் பேப்பர் கொண்டு வருவாரே, அதை நீ படிச்சுப் பார்த்தா போடுறே?”

அக்காவின் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிப்டை அவர்தான் பார்க்கிறார். இந்தக் கட்டடத்து லிப்டும் அதில் ஒன்று. மூன்று மாசத்துக்கு ஒரு தடவை ‘வேலை முடிந்தது’ என்ற தாளில், நாலு பிரதியில், மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட வேண்டும். ஆபீசில் போடுவதற்குப் பதில் காலையில் வீட்டிலேயே, ஒரு கையில் காபி டம்ளரோடு போட்டுவிடுவாள். கட்டின புருஷன் நீட்டுகிற தாளை யார் படித்துப் பார்க்கிறார்கள்?

“பார்த்துப் பேசு. என் வீட்டுக்காரரைப் பத்திப் பேசுறே.”

“நான் சொல்லலை. சோதனைக்கூடத்து ஆள் சொன்னான். அத்தான்தான் நேர்ல கொண்டு வந்து கொடுத்தாராம்.”

“அவன் சொன்னா வேதவாக்கா? துளை போடாமலே துளை போட்டேன்னு எழுதினவன்.”

கார் கண்ணாடிக்கு வெளியே, எங்கே நிறுத்தினோம் என்று மறந்துபோன ஒரு ஆள் சாவியை நாலு திசையிலும் நீட்டி அழுத்திக்கொண்டு நடந்தார். எங்கோ ஒரு கார் கீக் என்றது. அவர் அதற்கு எதிர்ப்பக்கம் போனார்.

“இப்ப என்னதான் செய்யப் போறே?” என்றாள் அக்கா.

“விக்கலாம்னு கை தூக்கப் போறேன். வித்தா இடிப்பாங்க. இடிச்சா தூணும் போச்சு, கையெழுத்தும் போச்சு. யாரும் கிளற மாட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு ரெண்டு மாடியும் வரும்.”

“உனக்குத் துணை மேயர் பதவியும் வருமாமே. கடைவீதியில பேசிக்கிறாங்க.”

தம்பி ஸ்டியரிங்கைப் பார்த்தான்.

“அது வேற அக்கா. இது வேற.”

அக்கா கதவைத் திறந்து இறங்கினாள். அந்தப் பக்கத்தை அறிக்கையிலிருந்து பிரித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். தம்பி தடுக்கவில்லை. ஏன் தடுக்கவில்லை என்பதும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

* * *

மன்றக் கூடத்தில் பொதுமக்களுக்கு என்று பின்னால் நாலு வரிசை நாற்காலி. அக்கா போனபோது உட்கார இடமில்லை. ஓட்டெடுப்புக்கு முன்னால் பேச விரும்புகிறவர்கள் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், ஆளுக்கு இரண்டு நிமிஷம். சீட்டில் ‘தொழில்’ என்று கேட்ட இடத்தில் ‘மேற்பார்வையாளர், மாநகராட்சி பார்க்கிங்’ என்று எழுதிக் கொடுத்தாள்.

முதலில் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் பேசினார். கார் நிறுத்த இடம் இல்லையென்றால் கடைவீதிக்கு ஈ காக்காய்கூட வராது என்றார். “இன்னைக்கு வித்துப்புட்டு நாளைக்கு இடம் வேணும்னா எங்க போய் வாங்குவீங்க? சந்திரன்லயா?” கூடம் சிரித்தது.

அடுத்து ஒரு பெண். சாதாரணப் புடவை, மடித்த பிளாஸ்டிக் பை. அவள் கணவனுக்கு மாரடைப்பு வந்த அன்று ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கவில்லை. “காருக்கு அஞ்சு மாடி கட்டி வச்சிருக்கீங்க. மனுஷனுக்கு ஒரு கட்டில் இல்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை. அக்கா அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். இவளிடம் போய் என்ன பதில் சொல்வது?

நகரப் பொறியாளர் எழுந்து அறிக்கையிலிருந்து படித்தார். தூண், துளை, மாதிரி, பத்து வருஷம். குரலில் ஒரு சந்தேகமும் இல்லை.

பிறகு அக்காவைக் கூப்பிட்டார்கள்.

மேயரம்மா சீட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “நீங்க மாநகராட்சி ஊழியர். மேலதிகாரி அனுமதி இல்லாம இங்க பேசக் கூடாதே?”

“கூடாதுங்க. அனுமதி வாங்கலை. அதுக்கு என்ன தண்டனையோ, நாளைக்கு வாங்கிக்கிறேன். ரெண்டு நிமிஷம் பேசிடுறேன்.”

மைக் அவள் உயரத்துக்கு இல்லை. அதை இறக்கத் தெரியாமல் குதிகாலை உயர்த்திக்கொண்டு பேசினாள்.

“நான் அந்தக் கட்டடத்துல இருபத்து மூணு வருஷமா இருக்கேன். விக்கிறதா வேண்டாமான்னு எனக்குத் தெரியலை. அந்தம்மா சொன்னதைக் கேட்டதுக்கு அப்புறம் இன்னும் தெரியலை. ஆனா இன்னைக்குக் காலைல நாலாவது மாடியில முப்பத்தாறு தூணையும் கையால தடவிப் பார்த்தேன். துளை போட்டோம்னு எழுதியிருக்கிற மூணு தூண்ல துளையே இல்லை. யாருக்கு சந்தேகமோ, இப்பவே வாங்க. நடந்து போற தூரம்தான்.”

கூடத்தில் சலசலப்பு. நகரப் பொறியாளர் பக்கங்களைப் புரட்டினார். புரட்டி, தேடின இடம் கிடைத்த திருப்தியோடு நிமிர்ந்தார்.

“மேயர் அவர்களே, இதே அம்மாதான் மாதிரி எடுத்ததை நேர்ல பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. இணைப்பு மூணு. அன்னைக்குப் பொய் சொன்னாங்களா, இன்னைக்குப் பொய் சொல்றாங்களா?”

கவுன்சிலர்கள் பக்கத்தைத் தேடுகிற சரசரப்பு. தம்பி மட்டும் தேடவில்லை. அவனுடைய பிரதியில் அந்தப் பக்கமே இல்லையே. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

போடவில்லை என்று சொல்லிவிடலாம். போலி என்று சத்தம் போடலாம். அக்கா மறுபடி குதிகாலை உயர்த்தி மைக்குக்குக் கிட்டே போனாள்.

“கையெழுத்து என்னோடதுதான்” என்றாள். “படிக்காம போட்டுட்டேன். அது என் தப்பு. அந்தத் தப்புக்கு நான் பதில் சொல்றேன். ஆனா என் கையெழுத்து இருக்கிறதால தூண்ல ஓட்டை வந்துடாதுங்க.”

மணி அடித்தது. இரண்டு நிமிஷம் முடிந்தது. அவள் பின்வரிசைக்குத் திரும்பினாள். கட்டில் இல்லை என்று சொன்ன அந்தப் பெண் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

மேயரம்மா ஓட்டெடுப்பை நடத்திவிடத்தான் பார்த்தார். “தனிப்பட்ட கருத்துக்காகத் தீர்மானத்தை நிறுத்த முடியாது.” அப்போதுதான் தம்பி எழுந்தான்.

“ஒத்திவைக்கணும்னு முன்மொழிகிறேன். வெளியூர்ப் பொறியாளரை வச்சு தூணைப் பார்த்துட்டு, அப்புறம் ஓட்டுப் போடலாம்.”

அவன் கட்சிக்காரர்களே வாயைப் பிளந்து பார்த்தார்கள். கை தூக்கச் சொன்னபோது ஒத்திவைக்கப் பதினொன்று, வேண்டாம் என்று பத்து. பதினோராவது கை தம்பியுடையது. அந்த ஒரு கைக்காக அக்காவுக்கு அவனை அப்படியே கட்டிக்கொள்ளத் தோன்றியது. நாலு நாளாக அவன் மேல் பட்ட சந்தேகத்துக்கெல்லாம் மனசுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டாள்.

வாசலில் ஆணையரின் உதவியாளர் வந்து ஒரு படிவத்தை நீட்டினார். “உங்க மேல விசாரணைங்க. நாளைக்குக் காலை பத்து மணிக்குள்ள எழுதிக் கொடுத்துடணும்.”

படிவத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்றே கேள்வி. மூன்றாவது: ‘மேற்படி கையெழுத்தைத் தங்களிடம் பெற்றவர் யார்?’

* * *

வீட்டுக்கு வந்தபோது ஆறரை. வீட்டுக்காரர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, கையில் கிரீஸ் போக மண்ணெண்ணெய் தடவித் துடைத்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனுஷர். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இரண்டு பேரும் சத்தம் போட்டுச் சண்டை பிடித்தது கிடையாது. பிடித்திருந்தால் இன்றைக்குப் பழக்கமாக இருந்திருக்கும் என்று அக்காவுக்குத் தோன்றியது.

கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“என்னங்க, இது எப்படி என் கையெழுத்தோட வந்துச்சு?”

அவர் குனிந்து பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. துணியால் விரல் ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

“நான்தான் வாங்கினேன்.”

அவள் எதிர்பார்த்தது மறுப்பு. மறுத்தால் என்ன கேட்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். ஒத்துக்கொண்டால் என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை.

“லிப்ட் பேப்பருக்கு நடுவுல வச்சா?”

“ம்.”

“இத்தனை வருஷத்துல உங்க பேப்பரை ஒரு நாளாவது நான் படிச்சிருக்கேனா? அதுக்காகவேதான் அதுல வச்சீங்களா?”

“எனக்கு அதுல என்ன எழுதியிருக்குன்னே தெரியாது. உன் தம்பி கொண்டு வந்து கொடுத்தான். ‘சாதாரண வருகைப் பதிவு அத்தான், நான் கேட்டா அக்கா ஆயிரம் கேள்வி கேப்பா, நீங்க வாங்கிக் கொடுங்க’ன்னான். வாங்கி அவன் கையிலயே கொடுத்தேன்.”

அக்கா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அவன் கையிலயா? சோதனைக்கூடத்துக்கு நீங்களே கொண்டு போய்க் கொடுத்ததாச் சொல்றானே.”

“சோதனைக்கூடம் எந்தத் தெருவுல இருக்குன்னுகூட எனக்குத் தெரியாதும்மா.”

“அவன் இன்னைக்கு எனக்காக ஓட்டுப் போட்டிருக்கான். கட்சியை எதிர்த்து.”

“நீ அத்தனை பேர் முன்னாடி எழுந்து சொன்னியாமே, ஊரே பேசுது. அதுக்கு அப்புறம் வேற என்ன செய்வான்? கையெழுத்து யார் மூலமா வந்துச்சுன்னு கிளறுறதுக்கு முன்னாடி நல்லவன் பேர் எடுத்துக்கிட்டான்.”

இவர் இத்தனை வாக்கியம் ஒரேயடியாகப் பேசி அவள் கேட்டதில்லை. அதுவே உறுத்தியது. பேசாத மனுஷர் எப்போது இதையெல்லாம் யோசித்து வைத்தார்?

“ஒண்ணு கேக்குறேன். மறைக்காம சொல்லுங்க. புதுசாக் கட்டப்போற வளாகத்துல லிப்ட் வேலை உங்களுக்குன்னு யாராவது பேசினாங்களா?”

துணி நின்றது.

“பேசினாங்க.”

“எப்ப?”

“கையெழுத்துக்கு அப்புறம்.”

“எத்தனை நாள் அப்புறம்?”

“ரெண்டு நாள். ஆனா ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கும்னு நான் நினைக்கலை. பன்னெண்டு லிப்ட். இந்த வயசுல அப்படி ஒரு வேலை தானா வந்தா, எதுக்கு வந்துச்சுன்னு யார் கேப்பாங்க?”

அவர் கண்ணில் ஈரம் இருந்தது. மண்ணெண்ணெய் நெடி பட்டு வந்ததா, மனசிலிருந்து வந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. நேற்று வரைக்கும் அந்த முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் எதற்கு என்று சொல்லிவிடுவாள்.

அக்கா படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் இரண்டு கேள்விக்கும் பதில் எழுதினாள். மூன்றாவதற்கு எதிரே ஒரே ஒரு கோடு. ஒரு ஆளை எழுதத்தான் இடம். இவரை எழுதினால் இந்த வீடு போச்சு. தம்பியை எழுதினால் பிறந்த வீடு போச்சு. சத்தியமாக அவள் அறிந்தது, தாளை நீட்டின கை இவருடையது என்பது மட்டும்தான். அந்தக் கைக்குப் பின்னால் இன்னொரு கை இருந்ததா?

மேஜைமேல் போன் அதிர்ந்தது. தம்பி.

இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

“எடு” என்றார் வீட்டுக்காரர். “ஸ்பீக்கர்ல போடு. நானும் கேக்கணும்.”

அக்கா பச்சைப் பொத்தானை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா.” தம்பிக்கு மூச்சு வாங்கியது. எங்கோ நடந்துகொண்டே பேசுகிறான். “அத்தான் பக்கத்துல இருக்காரா?”

வீட்டுக்காரர் இரண்டு அடி தள்ளி, கையில் துணியோடு நின்றார். அக்கா அவரைப் பார்த்தாள். அவர் சொல்லு என்றும் தலையாட்டவில்லை, வேண்டாம் என்றும் தலையசைக்கவில்லை.

“இல்லடா” என்றாள். “நான் தனியாத்தான் இருக்கேன்.”

சொல்லிவிட்டாள். யாரை ஏமாற்றச் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. தனியாக இருக்கிறேன் என்றது மட்டும் பொய்யில்லை என்று பட்டது.

“சரி, அப்படின்னா கேளு” என்றான் தம்பி. “அந்தத் தாளைப் பத்தி மதியம் உன்கிட்ட நான் முழுசா சொல்லலை.”